பழக்கமும் வழக்கமும்: அன்றாட வாழ்வில் வளரும் படைப்பாற்றல்



இப்பொழிவுத் தொடரில் உரையாற்றுமாறு மன்றத்தார் பணித்தபோது தலைப்பை எம் விருப்பத்திற்கே விட்டனர். மொழியியல் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்து ஓய்வு பெற்றவர்கள் ஒலியனியலைப் பற்றியோ வேற்றுமை உருபுகளைப் பற்றியோ பேசுவார்கள் என்று தாங்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். ஆனால் அத்தனை ஆண்டுகளிலும் மாணவர் வாயிலாக நாம் மிகுதியாகக் கேட்ட தொடர் இலக்கணம் பற்றியதன்று. “ஐயா, எனக்குக் கற்பனை வராது” என்பதே அது. கட்டுரை எழுதச் சொன்னால் இத்தொடர் வரும். கதை எழுதச் சொன்னால் வந்தே தீரும். ஆசிரியப் பயிற்சி பெறுவோரும் இதையே, சற்றுத் தாழ்ந்த குரலில், சொல்லக் கேட்டிருக்கிறோம்.

‘வராது’ என்னும் அச்சொல் எம்மை நெடுநாள் உறுத்தியது. கற்பனை என்பது மழையைப்போல் எங்கிருந்தோ வருவது. சிலர் முற்றத்தில் பெய்யும், பிறர் முற்றத்தில் பெய்யாது என்னும் எண்ணம் அச்சொல்லுக்குள் இருக்கிறது. அது சரிதானா என்பதைத்தான் இன்று ஆராய விரும்புகிறோம்.

இரண்டு சொற்கள்

தமிழில் ‘பழக்கவழக்கம்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆயினும் இவை இரு வேறு சொற்கள். ‘பழகு’ என்னும் வினையடியாகப் பிறந்தது பழக்கம். ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்து கைவரப்பெறுதல் அதன் பொருள். மனிதரோடு நெருங்கி உறவாடுதலையும் அதே வினையால்தான் குறிக்கிறோம். ‘வழங்கு’ என்னும் வினையோடு உறவுடையது வழக்கம். வழங்குதல் என்பது கொடுத்தல். பலரிடையே நடமாடுதலும் ஆகும். நாணயம் வழங்குகிறது, சொல் வழங்குகிறது என்கிறோம். ஒருவர் தம்மளவில் செய்வது பழக்கம்; பலரிடையே உலவுவது வழக்கம். இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். உரையின் மையக் கருத்து இதில்தான் இருக்கிறது.

நம் நாட்டில் நாள்தோறும் காதில் விழும் மலாய்ச் சொல் ‘பியாசா’. பழகிப்போனது, வழக்கமானது என்று பொருள்படும் இச்சொல், பயிற்சியைக் குறிக்கும் ‘அப்யாச’ என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. அதே வடசொல் தமிழில் ‘அப்பியாசம்’ ஆயிற்று. பழைய தலைமுறையினர் பயிற்சி ஏட்டினை ‘அப்பியாசக் கொப்பி’ என்றே சொல்வர். இலங்கையில் இன்றும் அப்பெயர் உண்டு. நஞ்சின் கடுமையும் பழகப் பழகக் குறையும் என்னும் கருத்துடைய மலாய்ப் பழமொழியிலும் ‘பியாசா’ இடம்பெறுகிறது. ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று ஓவியம், தமிழ், கல்வி, நடை ஆகிய நான்கையும் பழக்கத்தின் பக்கம் வைக்கிறது. நட்பு, இரக்கம், கொடை ஆகியவற்றைத்தான் பிறவிக்குணம் என்று ஒதுக்குகிறது. ஓவியமும் மொழியும் பிறப்போடு வருவன என்று நம் முன்னோர் கருதவில்லை என்பது நோக்கத்தக்கது.

பேசத் தெரிந்தவர் எவரும் படைப்பவரே

மொழியியலார் இதற்கு இன்னொரு சான்று தருவர். மொழி, முடிவுள்ள கருவிகளைக் கொண்டு முடிவிலாப் பயனை விளைவிக்கிறது என்னும் கருத்தைச் செருமானிய அறிஞர் வில்எல்ம் வான் அம்போல்ட் முன்வைத்தார். அவர் மறைந்தபின் 1836இல் வெளியான நூலில் அது இடம்பெற்றது. இருபதாம் நூற்றாண்டில் நோம் சாம்ஸ்கி அக்கருத்தை எடுத்து விரித்தார். இதன் பொருள் எளியது. இன்று காலை தாங்கள் வீட்டில் பேசிய தொடர்களுள் பல, அதே சொல்லடுக்கில் அதற்கு முன் எவராலும் பேசப்படாதவையாக இருக்கலாம். நான்கு வயதுக் குழந்தையும் தான் கேட்டறியாத தொடரைத் தானே ஆக்கிக்கொள்கிறது. ஆகவே ‘எனக்கு வராது’ என்று சொல்லும் மாணவர், அத்தொடரைச் சொல்லும்போதே ஆக்கத் திறத்தைக் காட்டிவிடுகிறார்.

இந்நாட்டிற்கு வந்த நம் முன்னோரைப் பாருங்கள். பெரும்பாலோர் பள்ளி வாசலை மிதியாதவர்கள். புதிய நிலம், புதிய மரம், புதிய அதிகாரம் ஆகியவற்றின் நடுவே நின்ற அவர்களுக்குப் பழைய சொற்கள் போதவில்லை. ரப்பர் மரத்தைப் ‘பால்மரம்’ என்றனர். மலாய்ச் சொல்லான ‘கெத்தா’வைக் ‘கித்தா’ ஆக்கிக்கொண்டனர். கோப்பையைக் குறிக்கும் ‘மங்கோக்’ அவர்கள் வாயில் ‘மங்கு’ ஆயிற்று. வரிசை வீடு ‘லயம்’ ஆயிற்று. காலை உணவு உண்பதைப் ‘பசியாறுதல்’ என்றனர். “பசியாறியாச்சா?” என்று கேட்கும்போது எதிரே நிற்பவரின் பசியைப் பற்றிய அக்கறையும் அவ்வினாவிலேயே அடங்கிவிடுகிறது.

கோலாலம்பூருக்கு வடக்கே உள்ள குன்றுக்குப் ‘பத்துமலை’ என்று பெயர் வந்த கதையும் இத்தகையதே. மலாயில் ‘பாத்து’ என்றால் கல். அப்பகுதியில் ஓடும் சுங்கை பாத்து என்னும் ஆற்றின் பெயரே குன்றுக்கும் ஆயிற்று. நம் மக்களின் செவியில் அது ‘பத்து’ என்று விழுந்தது. முருகனின் மலைகளை எண்ணி இதைப் பத்தாவதாகக் கொள்வோரும் உளர். இதனை மொழியியலில் மக்கட் சொற்பிறப்பு என்போம். வரலாற்று நோக்கில் இது பொருந்தாது எனலாம். ஆனால் அயல் மண்ணின் பெயரொன்றைத் தம் மொழிக்குள்ளும் தம் வழிபாட்டுக்குள்ளும் கொண்டுவந்து குடியேற்றிய அச்செயல் கற்பனையன்றி வேறு என்ன?

கிள்ளானை அடுத்த தோட்டமொன்றில் வளர்ந்தவர்கள் நாங்கள். மாலையில் லயத்து வாசலில் பாட்டிமார் விடுகதை போடுவார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த விடுகதைகள் தீர்ந்தபின் புதியன பிறக்கும். “கன்று இல்லாமல் சுரக்கும், கத்தி பட்டால் கறக்கும், அது என்ன?” என்று எம் பாட்டி ஒருநாள் கேட்டார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் நாள்தோறும் மாலையில் விடுகதை போடும் பழக்கம் இருந்தது. அதைக் கேட்டு மறுவிடுகதை போட எதிரே ஆட்கள் இருந்தனர்.

பால்மரம் கற்பித்த பாடம்

அப்பாட்டியும் எம் தாயாரும் செய்த வேலையே நமக்கு இன்னொரு பாடம். பிரேசில் காடுகளில் ரப்பர் மரத்தைச் சிறு கோடரியால் கொத்திப் பாலெடுப்பது வழக்கம். மரம் காயப்பட்டு நலியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த என்றி ரிட்லி வேறொரு முறையை வகுத்தார். ஒரே கோட்டில், ஒவ்வொரு முறையும் பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி, பழைய வெட்டையே மீண்டும் திறக்கும் முறை அது. முதல் வெட்டில் சிறிதளவே வடியும் மரம், அடுத்தடுத்த வெட்டுகளில் கூடுதலாகச் சுரப்பதை அவர் கண்டார். மலாயாவின் ரப்பர்த் தொழில் இம்முறையின் மீதே எழுந்தது.

இதில் நான்கு செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, சீவல் மெல்லியதாக இருக்க வேண்டும். ஆழமாக வெட்டினால் பட்டைக்கு அடியில் உள்ள உயிரடுக்கு புண்படும். அவ்விடத்தில் பட்டை ஒழுங்காக வளராது. மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. இரண்டாவது, நேரம். விடியற்காலைக் குளிர்ச்சியில் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறினால் ஒழுக்கு குறையும். அதனால்தான் இருட்டிலேயே எழுந்து நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாவது, ஓய்வு. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதும், வெட்டிய பக்கத்தை ஆறவிட்டு மறுபக்கம் மாறுவதும் உண்டு. நான்காவது, எதையும் வீணாக்காமை. வெட்டுக்கோட்டில் ஒட்டிக் காய்ந்ததையும் மங்கில் மிஞ்சி உறைந்ததையும் அவர்கள் எறிந்துவிட மாட்டார்கள். மறுமுறை வரும்போது உரித்துச் சேர்த்து எடைக்குப் போடுவார்கள்.

எழுதுவோர்க்கும் இதுவே முறை. விடுமுறையில் ஒரே நாளில் ஒரு கதை எழுதி முடிப்பேன் என்று உட்காருவது கோடரியால் கொத்துவதற்கு ஒப்பாகும். நாளும் கால் மணி நேரம், அதே நேரத்தில், ஆறு வரி எழுதுவது மெல்லிய சீவல். முதல் வாரம் ஒன்றும் சுரக்கவில்லை என்று மனந்தளர வேண்டா. அதுவே இயல்பு. எழுதி முடிக்காமல் நின்ற அரைவரிகளைக் கிழித்தெறியவும் வேண்டா. அவை மறுநாளைக்கு உதவும்.

எம் சிவப்பு மை

இவ்வளவும் அறிந்திருந்தும் நாமே செய்த தவறொன்றை இங்குச் சொல்லியாக வேண்டும். கற்பிக்கத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் நிகழ்ந்தது அது. தோட்டத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர், எவரும் கேளாமலே ஒரு சிறுகதை எழுதி எம் மேசையில் வைத்தார். தாய் வேலை முடிந்து வீடு திரும்பும் காட்சியோடு கதை தொடங்கியது. தொலைவில், சடக்கில், காண்டாவில் தொங்கும் வாளிகள் ஒன்றோடொன்று மோதும் ஓசையைக் கேட்டே தம்பி எழுந்து உட்காருவான். தாயின் கையில் பால்வாடை இருக்கும். மங்கில் கறுப்புக் காப்பி ஆறியிருக்கும்.

நாம் என்ன செய்தோம்? சிவப்பு மையை எடுத்தோம். ‘சடக்கு’ என்பதை அடித்துச் ‘சாலை’ என்று எழுதினோம். ‘காண்டா’வை அடித்துக் ‘காவுதடி’ என்றோம். ‘மங்கு’ என்பதைக் ‘கிண்ணம்’ ஆக்கினோம். உரையாடலில் வந்த ‘பசியாறிட்டியா’ என்பதையும் விடவில்லை. ‘சிற்றுண்டி உண்டாயா’ என்று திருத்தினோம். பக்கத்தின் ஓரத்தில், ‘நல்ல முயற்சி, வட்டாரச் சொற்களைத் தவிர்க்க’ என்று எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தோம்.

அம்மாணவர் ஏற்றுக்கொண்டார். அடுத்து அவர் எழுதித் தந்தது ‘தாயன்பு’ என்னும் கட்டுரை. அதில் ஒரு பிழையும் இல்லை. எந்தத் தாயைப் பற்றியது என்று கண்டறியவும் வழி இல்லை. அதன்பின் படிப்பு முடியும்வரை அவர் ஒரு கதையையும் எம்மிடம் காட்டவில்லை. எழுதினாரா என்பதும் தெரியாது. பணி ஓய்வுக்கு முன் பழைய கோப்புகளைத் தூய்மை செய்தபோது அக்கதையின் படியொன்று கிடைத்தது. கதையை விட எம் சிவப்பு மையே அதில் மிகுதியாக இருந்தது. அந்த மாணவருக்குப் பழக்கம் இருந்தது. அவருடைய வழக்கைத்தான் நாம் பறித்துவிட்டோம்.

தரத்தமிழ் வேண்டாமோ என்று இங்கே ஆசிரியர்கள் வினவலாம். வேண்டும்; ஐயமில்லை. கட்டுரைக்கும் தேர்வுக்கும் பொதுமேடைக்கும் உரிய தமிழை மாணவர்க்குக் கற்பிப்பது நம் கடமை. ஆனால் உலக வழக்கு, செய்யுள் வழக்கு என இரண்டையும் ஏற்று இலக்கணம் செய்தது நம் மரபு. எவ்விடத்தில் எச்சொல் பொருந்தும் என்று தேர்ந்தெடுக்கும் திறனையே கற்பிக்க வேண்டும். தேர்ந்தெடுக்க இரண்டு சொற்களாவது கைவசம் இருக்க வேண்டுமல்லவா? நாம் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு மற்றொன்றைக் கொடுத்தோம்.

ஒரு நாளேடும் அதன் வாசகரும்

இனி, இந்நகரில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் காண்போம். 1924இல் கோலாலம்பூரில் தொடங்கப்பெற்ற ‘தமிழ் நேசன்’ நாளேட்டில், 1950ஆம் ஆண்டு சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ என்னும் பகுதியை நடத்தினர். சிறுகதை எழுதுவது எப்படி என்று நாளேட்டின் வழியாகவே பாடம் சொல்லி, வாசகரை எழுதச் செய்த முயற்சி அது. போர்க்காலத்தின் வடு ஆறாத, அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்த நாள்கள் அவை. தோட்டங்களில் பலர் கம்பிவேலிக்குள் குடியமர்த்தப்பட்டிருந்தனர். அக்காலத்தில், அஞ்சல்வழியே கதை எழுதக் கற்றவர்களால் இந்நாட்டுச் சிறுகதை ஒரு புதிய தலைமுறையைப் பெற்றது என்பது மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறு எழுதுவோர் அனைவரும் குறிக்கும் செய்தி.

அடுத்து, 1952இல் ‘தமிழ் நேசன்’ பணிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தார் எழுத்தாளர் கு. அழகிரிசாமி. 1957 வரை கோலாலம்பூரில் வாழ்ந்தார். இளம் எழுத்தாளர்களைக் கூட்டி, படைப்புகளைப் படிக்கவைத்து, குறைநிறைகளை எடுத்துரைக்கும் இலக்கிய வட்டத்தை நடத்தினார். அதே காலப்பகுதியில் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தம் ‘தமிழ் முரசு’ நாளேட்டில் மாணவர் மணிமன்றத்திற்கு இடமளித்துப் பள்ளிப் பிள்ளைகளை எழுதவைத்தார். அதன் வழியில் தோன்றிய மணிமன்றங்கள் இந்நாட்டின் ஊர்தோறும் பரவின.

இம்முயற்சிகள் மூன்றிலும் பொதுவாக இருப்பது என்ன? எழுதுவோர்க்குத் தவணை இருந்தது. மேலும், எழுதியதைப் படிக்க ஒருவர் காத்திருந்தார். நாள்தோறும் எழுதும் பழக்கத்தை ஒருவர் தனியே மேற்கொள்ளலாம். ஆனால் அது நீடித்து நிற்க, அவர் எழுத்து எங்கேனும் வழங்க வேண்டும். வழங்குவதற்கு இடமின்றிப் பழகியவர் சில மாதங்களில் ஏட்டை மூடிவிடுவார். 2019இல் ‘தமிழ் நேசன்’ நின்றபோது பலர் ஒரு நாளேடு போயிற்று என்று வருந்தினர். காத்திருக்கும் வாசகர் ஒருவரை நாம் இழந்தோம் என்றே எமக்குத் தோன்றியது.

அழகிரிசாமியின் பெயரைச் சொல்லும்போது அவருடைய இளமைத் தோழரையும் நினையாதிருக்க இயலாது. இருவரும் கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்தவர்கள். ஒருவர் கோலாலம்பூருக்கு வந்தார். மற்றவர் ஊரிலேயே தங்கி உழவு செய்தார். அவர்தான் கி. ராஜநாராயணன். முப்பது வயதைக் கடந்தபின்னரே கதைகள் வெளியிடத் தொடங்கிய அவர், கடிதம் எழுதுவதில் சலியாதவர். அழகிரிசாமி அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாகவே வெளிவந்தன. தம் மண்ணின் மக்கள் பேசும் சொற்களைத் திரட்டிக் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை 1982இல் வெளியிட்டார். பல்கலைக்கழகத் துறையொன்று செய்ய வேண்டிய பணி அது. கேட்ட சொல்லைக் கைவிடாமல் காத்து வைத்த பழக்கமே அதைச் செய்வித்தது. அவர் சேர்த்தவை, நம் சிவப்பு மை அடித்து நீக்குமே, அத்தகைய சொற்கள்.

நன்னூல் சொல்லும் கணக்கு

இவ்விடத்தில் பவணந்தி முனிவரை நினைவுகூர்வது பொருத்தம். நன்னூலின் பொதுப்பாயிரம் மாணவர்க்குரிய பயிற்சி முறைகளை எண்ணிச் சொல்கிறது. வழக்கை அறிதல், பாடத்தைப் போற்றுதல், கேட்டவற்றை மீண்டும் நினைத்தல், ஆசிரியரைச் சார்ந்து கேட்டல், கற்போரோடு பயிலுதல், வினாவுதல், வினாவியவற்றுக்கு விடை கூறுதல் என்பன அவை. வழக்கை அறிதல் அவ்வரிசையில் முதலில் நிற்கிறது. மொழியியல் மாணவராக இவ்விடத்தைப் பலமுறை படித்திருந்தும், ஆசிரியராக இருந்தபோது இதன் பொருளை நாம் உணரவில்லை.

அப்பாயிரம் ஒரு கணக்கும் தருகிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் புலமையில் கால்பங்குதான் கிடைக்கும். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் நிறைவுறும். வகுப்பறைகளை நினைத்துப் பாருங்கள். கால்பங்கு தரக்கூடியதற்கு முழு நேரத்தையும் கொடுக்கிறோம். மாதிரிக் கட்டுரையை ஆசிரியர் தருகிறார். மாணவர் மனனம் செய்கிறார். தேர்வில் அதுவே திரும்பி வருகிறது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. தேர்வு போனபின்னும் மாதிரிக் கட்டுரை போகவில்லை. எழுதும் மாணவருக்குத் தம் பாட்டியின் சொல் ஒன்றேனும் அதில் இடம்பெறலாம் என்னும் எண்ணமே எழுவதில்லை.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டங்களை முன்மொழிய வரவில்லை. நாம் செய்து பார்த்துப் பயன் கண்ட சிலவற்றை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது, கேட்பேடு. சட்டைப் பையில் அடங்கும் சிறிய ஏடு போதும். நாளுக்கு ஒரு சொல், அல்லது ஒரு தொடர். பிறர் பேசக் கேட்டது. திருத்தாமல் எழுத வேண்டும். எங்கே, யார், எந்த வயதினர் சொன்னது என்று ஒரு வரி சேர்க்கலாம். ஆண்டு முடிவில் முந்நூற்று அறுபத்தைந்து வரும். அதில் பாதியே வந்தாலும் அது ஒரு செல்வம்.

ஒருமுறை மாணவர் சிலரோடு கிள்ளானில் கொமியூட்டர் இரயில் ஏறி, கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கிப் பிரிக்பீல்ட்ஸ் வரை நடந்தோம். அவரவரும் வழியில் கேட்ட ஒரே ஒரு தொடரைக் கொண்டுவர வேண்டும் என்பதே பணி. முதலில் அவர்கள் சிரித்தார்கள். இதில் என்ன இருக்கிறது என்றார்கள். துன் சம்பந்தன் சாலையில் பூக்கடை வரிசையைக் கடந்து ஓர் உணவகத்தில் அமர்ந்து ஏடுகளைத் திறந்தபோது நிலைமை மாறியிருந்தது. “மல்லிகை இன்னும் தூங்குது, சாயங்காலம் வாங்க” என்று ஒரு பூக்கார அம்மா சொன்னதை ஒரு மாணவி எழுதியிருந்தார். அரும்பு விரியவில்லை என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். “நாலு தோசை தப்பாவ், சட்னி தனியா” என்பதை இன்னொருவர் எழுதியிருந்தார். ‘தப்பாவ்’ என்பது சீனரிடமிருந்து வந்து, பொட்டலமாகக் கட்டிக்கொள்வதைக் குறித்து நம் எல்லார் வாயிலும் புழங்குவது. பார்வையற்றோர் சங்கம் அமைந்துள்ள பகுதி அது. நடைபாதையில் வெண்கோலோடு சென்ற ஒருவர், “இன்னிக்குக் கடைத்தெருவே நடைபாதைக்கு வந்திருச்சு” என்று நண்பரிடம் சொன்னதை மூன்றாமவர் குறித்திருந்தார். மூன்று தொடர்; மூன்று கதைக்கான தொடக்கம். ‘எனக்குக் கற்பனை வராது’ என்று சொன்ன மாணவர்களே அவர்கள்.

இரண்டாவது, ஆறு வரி. நாள்தோறும் அதே நேரத்தில் ஆறு வரி எழுதுதல். மதிப்பெண் கிடையாது, தலைப்பும் தேவையில்லை. நேற்றுக் கேட்ட சொல்லை இன்று ஆறு வரிக்குள் கொண்டுவர முயலலாம். வாரத்தில் ஒருநாள் எழுதாமல் இருங்கள். மரத்திற்கு ஓய்வு கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

மூன்றாவது, இருவர் கூடினால் வட்டம். வாரத்திற்கு ஒருமுறை, எழுதியதை ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர் கேட்க வேண்டும். கேட்டவர் குறை சொல்வதற்கு முன், தம் நினைவில் தங்கிய ஒரு சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே விதி. நாளேடு இல்லாத இடத்தில் அந்த ஒருவரே வாசகர். கைப்பேசியில் செல்லினம் விசைப்பலகையும் அதைப் போன்ற பிறவும் வந்தபின் தமிழில் எழுதியனுப்புவது எளிதாகிவிட்டது. தொலைவில் இருப்போரும் வட்டம் அமைக்கலாம்.

நான்காவது, ஆசிரியர்களுக்கு. இரண்டு நிற மை வைத்திருங்கள். பிழைக்குச் சிவப்பு. நீங்கள் அறியாத சொல்லோ, வீட்டிலிருந்து வந்த சொல்லோ கண்டால் பச்சையில் அடிக்கோடிட்டு, “இதை யாரிடம் கேட்டாய்?” என்று எழுதுங்கள். எம் பிற்காலப் பணியில் நாம் இவ்வாறு செய்தோம். பச்சைக் கோடு கண்ட பிள்ளைகள் வீட்டிற்குச் சென்று பாட்டியிடம் மேலும் கேட்டுக்கொண்டு வந்தார்கள். அச்சொல்லுக்கு நிகரான தரத்தமிழ்ச் சொல்லையும் அருகில் எழுதித் தரலாம். அப்போது அது திருத்தமாகாது. இரண்டாவது சொல்லாகச் சேரும்.

இதற்கு விரைவும் தேவைப்படுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் இருந்த இடங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் விரைவுச்சாலைகளும் நிற்கின்றன. பால்மரம் வெட்டிய கைகள் முதுமையடைந்துவிட்டன. அவர்தம் சொற்கள் எந்த அகராதியிலும் முழுமையாக ஏறவில்லை. மாணவர் ஒருவர் கேட்பேட்டில் எழுதிவைக்கும் சொல், அவருக்குக் கதையாகலாம். நம் மொழி வரலாற்றுக்கு அதுவே ஆவணமாகவும் ஆகலாம்.

நிறைவாக

இவ்வுரை முழுவதும் ‘நாம்’ என்றே பேசி வந்தோம். தமிழில் கேட்போரைச் சேர்த்துக்கொள்வது ‘நாம்’. விலக்கி நிற்பது ‘நாங்கள்’. மலாயிலும் ‘கீத்தா’, ‘காமி’ என்று இதே வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் இல்லாத இந்நுட்பத்தை, வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த இவ்விரு மொழிகளும் தனித்தனியே பெற்றிருப்பது மொழியியலார்க்கு எப்போதும் வியப்புத் தருவது. படைப்பாற்றலைத் தனி ஒருவரின் உடைமையாகவே பலரும் பேசுகின்றனர். பழக்கம் தனி ஒருவருடையதுதான். விடியலில் எழுந்து ஏட்டைத் திறக்க வேண்டியவர் அவரே. ஆனால் அவர் கையாளும் ஒவ்வொரு சொல்லும் பிறரிடமிருந்து வந்தது. பிறரிடமே போய்ச் சேர வேண்டியது. பழக்கத்தால் பெற்றதை வழங்கும்போதுதான் அது வழக்கமாகிறது.

அந்தப் பழைய கதையை நாம் இன்னும் வைத்திருக்கிறோம். எழுதியவர் இப்போது எங்கிருக்கிறார் என்று தெரியாது. இவ்வுரை நூலாக வெளிவரும்போது அவர் கண்ணிலோ அவருடைய பிள்ளைகள் கண்ணிலோ படுமானால் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அம்மா சடக்கில்தான் நடந்து வந்தார். அது சாலை அன்று. திருத்தியது எம் பிழை.

மாணவச் செல்வங்களே, இன்று இரவு வீட்டில் மூத்தவர் எவரிடமாவது ஒரு சொல்லைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாளை அதைக் கொண்டு ஆறு வரி எழுதுங்கள். மறுநாள் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். கற்பனை வருமா வராதா என்பதை அதன்பின் பேசிக்கொள்வோம்.